ஊரில் ஒரே ஒரு கத்தி இருந்த நாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. இன்று புனித இசிதோரோ திருவிழாவில் ஒரு மாட்டின் விலாவிலிருந்து அது சீறிக்கொண்டு வெளியே வந்தது. நான் நாலடி தள்ளி மெழுகுவர்த்தியோடு நின்றேன். அந்தக் காற்றில் என் மெழுகுவர்த்தி அணைந்தது. (பொய். அது அதற்கு முன்பே அணைந்திருந்தது. எழுத உட்கார்ந்தால் கை இப்படித்தான் கூடக்கொறைய ஓடுகிறது. இனி கவனமாக இருக்கிறேன்.) வீட்டுக்கு ஓடி வந்தேன், சட்டைகூட மாற்றவில்லை. நேராகப் பேனாவை எடுத்தேன்.

முதல் தொடக்கம்: "சார்தீனிய மலைக்கிராமங்களில் மடக்குக் கத்தி என்பது வெறும்"

வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை.

இரண்டாவது: "பாஸ்கா மூலாஸ் என்பவள் அன்று கத்தியை எடுத்துக்கொள்ள மறந்திருந்தால்"

இதுவும் வேண்டாம். பாஸ்கா செருப்பை மறப்பாள், அடுப்பில் பாலை மறப்பாள். கத்தியை மறக்கமாட்டாள்.

2

ஆகவே பாஸ்காவிலிருந்தே தொடங்குகிறேன். நாற்பது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அறுபது செம்மறிகளைத் தனியாக மேய்க்கிறவள். அவள் கத்தியை விரித்தால் அரை முழ நீளம் இருக்கும். கிடாக்கொம்புப் பிடி, நீண்ட இலைபோல அலகு. காலையில் ரொட்டி, பிறகு வைக்கோல் கட்டின் கயிறு, ஆட்டின் குளம்பில் ஏறிய முள், மதியம் பாலாடைக்கட்டி, சாயங்காலம் திராட்சைக் கொடி, இடையில் பல்லிடுக்கு. எல்லாம் அதே கத்தி. பாவாடையில் துடைப்பாள், மடக்குவாள், பைக்குள் போடுவாள். மடங்கும்போது வரும் 'டக்' சத்தம் கேட்டால் அவள் நாய் எழுந்து நிற்கும்.

அதைச் செய்யச் சொன்னபோது கொல்லர் கேட்டாராம்: "பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீளம்?"

"எங்க வீட்டு ரொட்டி பெருசு" என்றாளாம்.

3

இப்போது அந்தியோகுவைக் கொண்டுவர வேண்டும். அவர் பாஸ்காவின் அக்காள் புருஷன். அக்கா இறந்த வருஷம், இரண்டு நிலத்துக்கும் பொதுவாக இருந்த ஊற்றைச் சுற்றி வேலி போட்டார். அன்றோடு பேச்சு நின்றது. போன கோடையில் அவருடைய தண்ணீர்க் குழாயை யாரோ அறுத்துவிட்டார்கள். மதுக்கடையில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்த ஊர்ல அம்மாம் பெரிய கத்தி யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

பாஸ்கா அறுக்கவில்லை. ஆனால் மறுக்கவும் போகவில்லை. மறுத்தால் பேசியதாகிவிடும்.

அவரிடம் ஒரு ஜோடிக் காளைகள். எங்கள் பக்கம் இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டால் ஒரு வாக்கியம் வரும்படி பெயர் வைப்போம். அவருடையவை 'யாருக்கும்', 'பணியாதே'. ஊர்வலத்தில் புனிதரின் சிலை வைத்த வண்டியை இழுப்பவை அவைதான்.

4

இந்த வருஷம் நகராட்சித் தலைவர் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்: திருவிழாவன்று யார் பையிலும் கத்தி இருக்கக் கூடாது. கடலுக்கு அப்பால், இத்தாலியப் பெருநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு இளம் போலீஸ்காரர் வேறு வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். பல் முளைத்த நாளிலிருந்து கத்தி வைத்திருந்த ஆண்கள் எல்லோரும் அதை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு பக்கம் எடை குறைந்ததுபோலச் சாய்ந்து நடந்தார்கள்.

ஊருக்கும் கோயிலுக்கும் நடுவே, வெறும் கற்சாலையில், 'பணியாதே' முழங்கால் மடித்து விழுந்தது. பனி காயாத குதிரைமசால் தீவனத்தை வயிறு முட்டத் தின்றிருக்கிறது. இடது பக்கம் மத்தளம்போல உப்பி, நாக்கு வெளியே தள்ளி, மூச்சு விக்கியது. நுகத்தை அவிழ்த்தார்கள். அந்தியோகு தன் போனில் மாட்டு டாக்டரைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் வர ஒரு மணி நேரமாகும். மாடு அதுவரை தாங்காது" என்றது டாக்டரின் குரல். "குத்திக் காத்தை வெளிய விடணும். கத்தி இருக்கா?"

அத்தனை கைகளும் பைகளுக்குப் போயின. வெறுமையாகத் திரும்பின.

பாஸ்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். பாவாடைப் பைக்குள் கத்தி அவள் தொடையில் இடித்தது.

("அவள் மனத்தில் இரக்கம் தவிர வேறொன்றும் இல்லை" என்று இங்கே ஒரு வரி எழுதினேன். எழுதியதுமே சந்தேகம் வந்து, பேனாவை வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். விரலில் கட்டோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொய் எதுக்கு?" என்றாள். "அப்புறம் அது என்னைப் பாத்துச்சு. மாட்டுக்கு வேலி தெரியுமா, ஊத்து தெரியுமா?" அந்த வரியை அடித்துவிட்டேன்.)

சந்தோஷம் போனதும் பயம் வந்தது. குத்தி மாடு செத்தால், குழாயை அறுத்தவள் காளையையும் கொன்றாள் என்று ஊர் சொல்லும். குத்தாவிட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டில் வைத்துவிட்டேன் என்று எல்லோரையும்போல அவளும் பையைத் தட்டிக் காட்டலாம்.

அவள் முன்னால் போனாள்.

"மச்சான், தள்ளுங்க."

இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அலகு விரிந்தது. போலீஸ்காரர் வாயைத் திறந்தார், கத்தியின் நீளத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு, ஒரு வண்டிகூட வராத சாலையில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

5

(இதை வேகமாக எழுதுகிறேன். அது வேகமாகத்தான் நடந்தது.)

"இடது பக்கம்" என்றது போன். "கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல குழி. இப்ப மேடா இருக்கும். முன்காலைப் பாத்து, கீழ்நோக்கி."

"எவ்வளவு ஆழம்?"

"கத்தி எவ்வளவு நீளம்?"

சொன்னாள்.

"நல்லது" என்றார் டாக்டர்.

மடக்குக் கத்தியால் குத்துவது ஆபத்து. எங்கள் கத்திக்குப் பூட்டு கிடையாது. தோலில் முட்டி நின்றால், அலகு மடங்கி, பிடித்தவளின் விரலையே அறுக்கும். தலைத்துணியை உருவிக் கையில் சுற்றினாள். அந்தியோகு கொம்பைப் பிடித்துக்கொண்டார். "பாஸ்கா," என்றார், "மாடு செத்தாலும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன்."

"சொல்லுவீங்க" என்றாள். குத்தினாள்.

முதல் குத்து தோலில் வழுக்கியது. அலகு மடங்கி, துணி சிவந்தது. மறுபடி விரித்து, உடம்பின் பாரம் முழுக்க வைத்து இறக்கினாள். உள்ளே போனது. அலகைத் திருப்பி ஓட்டையை அகலப் பிடித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு லாரி டயர் வெடித்ததுபோலக் காற்று, பச்சை நுரை, சகிக்க முடியாத நாற்றம். கூட்டம் பின்வாங்கியது. அவள் பின்வாங்கவில்லை. காளை உதறியது. கொம்புப் பிடி அவள் கைக்குள் பிளந்தது. அப்படியும் விடவில்லை.

வயிறு கண்ணெதிரே இறங்கியது. 'பணியாதே' பெருமூச்சு விட்டு, ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி எழுந்தது. டாக்டர் வந்து தையல் போட்டார். யாரோ ஒருவர் புனிதரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

6

மறுநாளாகிவிட்டது. முடிவுக்காக நேற்றிரவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் காளை விடியலில் செத்துப்போகிறது. நன்றாக வந்திருந்தது, ஆனால் அது காலையில் புல் தின்பதைப் பார்த்துவிட்டேன். இன்னொன்றில் அந்தியோகு அழுதுகொண்டே அவள் காலில் விழு

இல்லை. அவரை எனக்குத் தெரியும்.

எழுதியதைப் படித்துக் காட்டலாம் என்று இன்று காலை பாஸ்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது படலுக்கு வெளியே அந்தியோகு வந்து நின்றார்.

"இவரு எதுக்கு இங்க?"

"நேத்து நடந்ததை எழுதுறாராம்" என்றாள் பாஸ்கா.

"நான் வர்றேனா அதுல?"

"வர்றீங்க. ஆனா மாடுதான் பெரிய ஆளு."

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து தன் கத்தியை எடுத்தார். அவர் அப்பா காலத்துக் கத்தி. படலுக்கு மேலாக நீட்டினார். "உன்னுது பொளந்துபோச்சுல்ல. இத வச்சுக்க."

எங்கள் பக்கம் கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது. வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு நாணயமாவது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் கத்தி இருவரின் உறவையும் அறுத்துவிடும் என்பார்கள்.

பாஸ்கா கட்டுப் போடாத கையால் கத்தியை வாங்கினாள். விரித்து வெயிலில் பார்த்தாள். மடக்கினாள்.

"காசு குடுக்கலன்னா அறுந்துரும்பாங்க, மச்சான்."

"தெரியும்."

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அறுக்கறதுக்கு இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

அந்தியோகு தரையைப் பார்த்தார். "அதக் கேக்கத்தான் வந்தேன்."

பாஸ்காவின் கட்டுப் போட்ட கை மெல்லப் பாவாடைப் பைக்குள் போனது. அங்கே எதையோ துழாவியது. அல்லது சும்மா இருந்தது. துணிக்கு மேலே எப்படித் தெரியும்?

அந்தக் கை காசோடு வெளியே வந்ததா, வெறுமையாக வந்ததா என்று நான் பார்த்தேன். எழுதமாட்டேன். எழுதினால் அது என் முடிவாகிவிடும். உங்களுக்கும் பேச்சு நின்றுபோன ஒருவர் இருப்பார். அவர் படலுக்கு வெளியே நிற்கிறார். பை உங்களுடையது.