பொழுது சாயும்போது வரும் வலி

என் மனைவி சந்திரவதிக்குத் தலைவலி வந்தால் எங்கள் வீட்டில் சண்டையும் வரும். இரண்டும் பொழுது சாயும் நேரத்தில்தான். காலையில் நன்றாக எழுந்திருப்பாள். மத்தியானத்துக்கு மேல் பின்மண்டை கனக்கும். வெயில் இறங்க இறங்க, உள்ளிருந்து யாரோ கீழே பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

நாங்கள் நயினார்கள், செஞ்சிப் பக்கத்துச் சமணர்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம், வைத்திருக்கிறேன். பொழுது இறங்கிய பிறகு சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். இருட்டில் சோற்றோடு ஏதாவது பூச்சி உள்ளே போனால் ஒரு உயிர் போய்விடும் அல்லவா? சந்திரவதி சின்ன வயதில் எடுத்த நியமம் அது. பிரசவத்தன்று கூட இருட்டிய பிறகு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் அப்படியில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரவில் என்னைத் தோசையும் கையுமாகப் பார்த்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.

அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை. வெறும் வயிறு, காய்ந்த தொண்டை, பிறகு தலை வலிக்காமல் என்ன செய்யும்? முதலில் பார்த்த டாக்டரும் ஒற்றைத் தலைவலி என்று மருந்து எழுதிவிட்டு, ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளோ கேப்சூல் உறை எதில் செய்தது என்று மருந்துக்கடையில் கேட்டாள். மாட்டுத் தோல், எலும்பு என்றார்கள். அந்த மருந்து அலமாரியோடு சரி.

அவள் கட்சி வேறு. அஷ்டமி, சதுர்த்தசி என்று உபவாசம் இருக்கும் நாளில் வலி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றாள். அது உண்மைதான். நானும் கவனித்தேன், அதுதான் எரிச்சல். விரதமே மருந்து என்று முடிவுகட்டி உபவாசத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கையில் இறுக்கமாக இருந்த வளையல் முழங்கை வரை ஏறியது.

ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. இருட்டிய பிறகு சோற்றைப் பிசைந்து அவள் முன்னால் நீட்டினேன்.

"சாப்புடு சந்திரா. இப்பிடியே போனா செத்துப்பூடுவ."

படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "செத்தாலும் பரவால்லங்க. இத மட்டும் கேக்காதீங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். மறுநாளே விழுப்புரத்துக்கு, நரம்பு டாக்டர் அருணாவிடம் கூட்டிப் போனேன்.

காத்திருக்கும் இடத்தில் உட்கார முடியாமல் பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சம். உள்ளே போனதும் நான் என் கட்சியைச் சொன்னேன், அவள் தன் கட்சியைச் சொன்னாள். டாக்டர் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. உபவாச நாளில் என்ன வேலை செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணுஞ் செய்ய மாட்டேங்க. தெம்பு இருக்காது. படுத்துக்கினு மந்திரஞ் சொல்லிக்கினு இருப்பேன்."

டாக்டர் அவளை அங்கேயே படுக்க வைத்து ஊர்க்கதை பேசினார். கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது என்றாள். எழுந்து உட்காரச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கை பின்மண்டைக்குப் போயிற்று. காரணம் சோறும் இல்லை, விரதமும் இல்லை. படுத்தால் வலி இல்லை, நிமிர்ந்தால் வலி. மாதக்கணக்கில் நாங்கள் அடித்துக்கொண்டது இவ்வளவுதான்.

ஸ்கேன் எடுத்துப் படத்தைக் காட்டினார். மூளை தண்ணீரில் மிதக்கிறதாம். அந்தத் தண்ணீர் முதுகெலும்புக்குள்ளும் இறங்கி நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள உறையில் முதுகுப் பக்கம் எங்கோ கிழிந்து கசிகிறது. தண்ணீர் குறைந்ததால், அவள் நிமிரும்போதெல்லாம் மூளை கீழே இறங்கி இழுக்கிறது. பகலெல்லாம் நிமிர்ந்திருந்து கசிவதால்தான் பொழுது சாயும்போது வலி முற்றுகிறதாம். மண்டியில் ஒரு மூட்டையை நகர்த்தியபோது முதுகில் சுருக்கென்றதைச் சந்திரவதி அப்போதுதான் சொன்னாள். அதுவாக இருக்கலாம், காரணமே இல்லாமலும் கிழியும் என்றார் டாக்டர். அவள் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். அது மிதந்துகொண்டிருக்கிறது என்று கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

கொஞ்ச நாள் அவளைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தோம், கிழிசல் தானாக அடையவில்லை. ஊசி போட்டு அடைக்கலாம் என்றார் டாக்டர். நான் பயந்தபடியே சந்திரவதி வாயைத் திறந்தாள்.

"அதுல என்ன இருக்குதுங்க? ஏதாவது உயிர்லேர்ந்து எடுத்ததா?"

"உங்க ரத்தந்தாம்மா. கையிலேர்ந்து எடுத்து முதுகுல போடுவோம். அது ஒறைஞ்சி ஓட்டைய அடைச்சிக்கும். வேற ஒண்ணும் இல்ல."

சந்திரவதி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. எந்த உயிருக்கும் நோவில்லாத மருந்து அவள் உடம்பிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினேன். கோயிலில் கூட நான் அப்படி நின்றதில்லை.

மத்தியானம் ஊசி போட்டார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். பொழுதோடு ஊட்டிவிடலாம் என்று கேரியரில் சோறு வைத்திருந்தேன். ஆனால் அவள் தூங்கிப்போனாள். எத்தனையோ நாளாக நான் பார்க்காத தூக்கம். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவந்து, மறைந்தது. எழுப்ப மனசு வரவில்லை.

விளக்குப் போட்ட பிறகு டாக்டர் வந்து மெல்ல எழுப்பி உட்கார வைத்தார். தினமும் அவள் சுவரைப் பிடிக்கிற நேரம். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியில் கிடந்தது. எழுந்து நிற்கச் சொன்னார். நின்றாள். கை மேலே போகவில்லை. சிலருக்கு இன்னொரு தடவை போட வேண்டி வரும், குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

"வலிக்கலங்க" என்றாள் சந்திரவதி. நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தாள், மூடியிருந்த கேரியரைப் பார்த்தாள்.

"பொழுது பூடுச்சி. நீங்க போங்க. பஸ் ஸ்டாண்டாண்ட தோசை கெடைக்கும்."

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேரியரைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"விடியட்டும் சந்திரா. சேர்ந்தே சாப்புடலாம்."