இடது முன்கால்

“எந்தக் கால்ல?”

“இடது முன்கால்ல சூடா இருக்கு. முட்டிக்குக் கீழ, பின்பக்க நரம்புல. நீயே தொட்டுப் பாருண்ணா.”

“தொட்டேன். ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. சூடு கால்ல இல்லடி, உன் வயித்துல.”

அண்ணன் கல்ஃபான் இப்படிச் சொன்னதும், வாளியோடு நின்ற சித்தப்பா பையன்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். அஃப்ராவுக்குக் காது வரை எரிந்தது. அண்ணன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

மூன்று வருடமாக ஹுபாரா என்ற குதிரையின் மேல் அபுதாபி மணலை அளந்தவள் அவள். குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்ததில் இடது காறை எலும்பு முறிந்தது. நடக்கலாம், ஓடலாம், சவாரி மட்டும் கூடாது என்றார் டாக்டர். அந்த மாதமே அண்ணனுக்குக் கல்யாணம். புது அண்ணி மோஸா, பந்தயக் குதிரைகளோடு வளர்ந்தவள். வீட்டுச் சாவியோடு குதிரையும் அவள் கைக்குப் போயிற்று.

ஹுபாராவாவது கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாம். ஒரே வாரத்தில் அண்ணியின் அபாயா அங்கிக்குள் மூக்கை நுழைத்துப் பேரீச்சம்பழம் தேடியது. அண்ணி அதன் பிடரியைச் சின்னச் சின்னதாகப் பின்னிவிட்டாள். அழகாக இருந்தது. அதைத்தான் அஃப்ராவால் பொறுக்க முடியவில்லை. போன மாதம், “அண்ணி சேணத்த இறுக்கிக் கட்டி முதுகெல்லாம் புண்ணாக்கிட்டாங்க” என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். போர்வையை விலக்கிப் பார்த்தால் முதுகு பட்டுப்போல் இருந்தது. அன்றிலிருந்து அவள் பேச்சுக்கு வீட்டில் மதிப்பில்லை.

இன்று சொன்னது பொய்யில்லை. மோஸா ஓட்டும் நெடுந்தூரப் பந்தயத்தில் இந்தச் சுற்று முடிந்து வந்ததும் நான்கு கால்களுக்கும் ஐஸ் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மூன்று கால்கள் குளிர்ந்தே இருந்தன. இதில் மட்டும் ஈரம் வடிந்த பிறகு, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சூடு உள்ளிருந்து ஏறி வந்தது. அண்ணன் அதற்கு முன்பே கையை எடுத்துவிட்டான். அவள் மறுபடி தொட்டாள். சூடுதான். ஒரு கணம், ‘அண்ணிக்கு நல்லா வேணும்’ என்று மனம் குதித்தது. ஹுபாரா அவள் தலைமுடியை முகர்ந்தது. அந்தக் குதிப்பு வெட்கமாக மாறியது.

சுற்றுக்கு நடுவே நடக்கும் மருத்துவச் சோதனையில் இதயத் துடிப்பைப் பார்த்து ‘சரி’ என்றார்கள். அடுத்தது ஓட்டிக் காட்டுவது; நொண்டினால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். மோஸா கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, கால்நடை மருத்துவர்கள் முன்னால் ஓடினாள். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது, இடது கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் குதிரையின் தலை துளி மேலே ஏறியது. மருத்துவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர் விரலைச் சுழற்றினார். இன்னொரு முறை.

மோஸா வேலிப் பக்கம் வந்தாள். முகமெல்லாம் மணல், உதடு வெடித்திருந்தது.

“அஃப்ரா, இங்க வா.”

“அவகிட்ட என்ன கெஞ்சல்?” என்றான் கல்ஃபான்.

“நீங்க சும்மா இருங்க.” அஃப்ரா பக்கம் திரும்பியதும் மோஸாவின் குரல் தணிந்தது. “நான் பழம் குடுத்தா திங்கிறா, அவ்வளவுதான். நீ எந்தப் பக்கம் நின்னாலும் இவ காது அந்தப் பக்கம்தான் திரும்புது. பாத்துப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?”

இந்த வார்த்தைக்காகத்தான் அஃப்ரா இத்தனை நாள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணி சொன்னது நிஜம் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருடம் குளம்பில் முள் ஏறியிருந்தபோதும், அஃப்ரா பக்கத்தில் ஓடுகிறாள் என்பதற்காகவே ஹுபாரா வலியைக் காட்டாமல் ஓடியது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இன்றும் ஓடும். மருத்துவர்கள் தலையசைப்பார்கள். பிறகு கடைசிச் சுற்று, முப்பது கிலோமீட்டர் மணல். அந்த நரம்பு அறுந்தால் அதன் ஓட்டம் அதோடு முடிந்தது. மாட்டேன் என்றால், பொறாமையில் அண்ணியைத் தோற்கடித்தாள் என்பார்கள்.

மோஸா கயிற்றை வேலிக்கு மேலாக நீட்டினாள்.

“இந்த ஒரு தடவ நீ ஓட்டிக் காட்டு கண்ணு. உன் பக்கத்துல ஓடினா தலைய ஆட்டமாட்டா. ஓடுவியா?”