ஊன்றாத கால்

லாரிகள் சரக்கு இறக்கும் முற்றத்தில் காலை ஒன்பது மணிக்கே இரத்தம் சிந்திவிட்டது. அடுத்த லாரி யாருடைய முறை என்பதில்தான் சண்டை. சுமை தூக்குகிறவர்களில் கிரேன் என்று பெயரெடுத்தவன், கூட வேலை செய்யும் மொட்டையின் மூக்கில் ஓங்கி ஒன்று விட்டான். எலும்பு நொறுங்கியது சுற்றி நின்றவர்களுக்கே கேட்டது. மொட்டை மூட்டை குத்தும் கொக்கியை வீசினான். அது கிரேனின் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது குத்துக்காகக் கிரேன் இடது காலை அழுத்தி ஊன்றினான். பாதம் தரையில் கிடந்த இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மொட்டை பக்கவாட்டில் ஓர் உதை விட்டான். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ‘டப்’பென்று ஏதோ அறுந்தது. அதன்பின் கால் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை.

எலும்பு டாக்டர் தெரிந்தவர்தான். இருபது வருஷத்துக்கு முன் கிரேனின் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தபோது, அதை வெட்டியெடுத்து அனுப்பியவர் இவரே. பத்தாம் நாள் கிரேன் மூட்டை தூக்கினான். இப்போது இடது காலிலும் அதே ஜவ்வுக் கிழிசல். ஆகவே இந்த விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவன் நினைப்பு.

“வெட்டி வீசுங்க சார். பத்து நாள்ல எந்திரிச்சிடுவேன். நான் பழைய ஆளு.”

“இப்பல்லாம் சட்டுனு வெட்டறதில்லைங்க. எல்லாக் கிழிசலையும் தைக்க முடியாது; உங்களுது தைக்கலாம். ஆனா தையல் பிடிக்கிற வரைக்கும், ஆறு வாரம், அந்தக் காலைத் தரையில ஊணக்கூடாது.”

ஆறு வாரம்! முற்றத்தில் முப்பது நாள் தன் பேரில் ஒரு லாரியும் இறங்காதவன் பெயரை முறைப் பலகையிலிருந்து அழித்துவிடுவார்கள். அழித்த பெயரை மறுபடி எழுதியதாகச் சரித்திரமே கிடையாது.

“அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் வெட்டினீங்க?”

டாக்டர் வலது முழங்காலின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். “கிழிஞ்சா வெட்டறதுதான் அப்ப வழக்கம். தச்சுப் பாத்திருக்கலாம், நான் பாக்கல. ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருந்த ஜவ்வை உருவிட்டு உங்களை மூட்டை தூக்க அனுப்பிட்டேன். இப்ப எலும்பும் எலும்பும் உரசுது பாருங்க.”

இத்தனை வருஷம் படியேறும்போதெல்லாம் வந்த வலியை வயதின் தலையில் கட்டியிருந்தான் கிரேன். மேஜைக்கு மேலாக எட்டி டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, முகத்தை அந்தப் பெட்டியில் மோதினான். அவர் மூக்குக்கண்ணாடி தெறித்தது. டாக்டரின் புருவம் பிளந்து வெள்ளைக் கோட்டில் சிவப்பு வழிந்தது.

“ஐயோ, விடுங்க!” என்று கூட வந்திருந்த கிரேனின் மனைவி அவன் கையில் தொங்கினாள்.

டாக்டர் பஞ்சை எடுத்துப் புருவத்தில் அழுத்திக்கொண்டார். “என் கண்ணாடி போனா வேற வாங்கிக்கலாம். அந்த ஜவ்வு எந்தக் கடையிலயும் கிடைக்காது.”

சொல்லிவிட்டுக் குனிந்தார். இழுபறியில் கழன்று போயிருந்த கிரேனின் செருப்பைத் தேடியெடுத்து, மடங்காத அந்தக் காலில் மெதுவாக மாட்டிவிட்டார்.

“இதுக்கு மேலயும் யோசிக்கணுமாங்க?” என்றாள் மனைவி. தைப்பதற்குச் சம்மதித்துக் கிரேன் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் தைத்த காலைத் தலையணைமேல் வைத்து நாள் எண்ணிக்கொண்டு கிடந்தான். இருபத்தாறாம் நாள் பார்க்க வந்த ஒருவன் போட்டுக்கொடுத்தான்: “உன் முறையில இப்ப மொட்டைதான்ப்பா தூக்கறான்.”

இரண்டு நாள் கிரேன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மதியம் மொட்டையே வாசலில் வந்து நின்றான். மூக்கு கோணலாகக் கூடியிருந்தது.

“எப்படிடா இருக்க?”

பதிலாக ஊன்றுகோல் பறந்தது. மொட்டையின் காது கிழிந்தது. “என் இடத்தைத் தின்னுட்டு நலம் விசாரிக்க வந்தியா, நாயே!” கிரேன் ஒற்றைக் காலில் தாவி அவன் கழுத்தைப் பிடித்தான். நெரித்தான். மொட்டையின் கண்கள் பிதுங்கின. வலது முழங்கால் பாரம் தாங்காமல் கிடுகிடுவென ஆடியது. இடது பாதம் தன்னையறியாமல் தரையை நோக்கி இறங்கியது.

மொட்டை அதைப் பார்த்துவிட்டான். கழுத்தைப் பிடித்த கையை விலக்க வேண்டிய இரண்டு கைகளையும் கீழே நீட்டி, இறங்கிய பாதத்தை ஏந்திக்கொண்டு மண்டியிட்டான். காதிலிருந்து வழிந்த இரத்தம் கட்டின்மேல் சொட்டியது.

“ஊணாதடா பாவி! தையல் போயிடும்!” என்று கம்மிய குரலில் கத்தினான். “உன் பேருல தினம் ஒரு லாரி நான் இறக்கறேன்டா. உனக்காக யாராவது இறக்கினா பேரை அழிக்க மாட்டாங்கல்ல? என் முதுகு ஒடியுது. நீ என்னடான்னா...”

கிரேனின் விரல்கள் கழுத்தில் அப்படியே நின்றன. “ஏன்டா?” என்றான்.

“உதைச்சது நான்தானே.”

உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி நாற்காலியைக் கிரேனுக்குப் பின்னால் தள்ளினாள்.

“காலை விடுடா.”

“நீ முதல்ல உக்காரு. அப்புறம் விடறேன்.”

கிரேன் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான்.