எவாரிஸ்தோ செய்த உதவி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தெல்ஃபினா சொன்னது. ஜனவரியில் அவள் திராட்சைத் தோட்டத்தில் இலை கிள்ளிக்கொண்டிருந்தோம். கொடி வரிசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முகம் தெரியாததால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். முடித்ததும், "எழுதுறதுன்னா எழுதிக்கோ. ஆனா எவாரிஸ்தோ அண்ணனைக் கெட்டவராக்கிடாதே" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

*எவாரிஸ்தோ தோட்டத்தில் விஷம் தெளித்த அன்று*

(அடித்துவிட்டேன். அவருக்கு அது விஷம் இல்லை, மருந்து.)

*நல்ல மனம் கொண்ட எவாரிஸ்தோ, பாவம்*

(இது அதைவிட மோசம்.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

தெல்ஃபினா, கணவன் லாசரோ, மகள் நோயெலியா மூன்று பேரும் நடத்துகிற ஒயின் தோட்டம் அது. மோலினோஸ் ஊருக்கு மேலே மலையில், மேகமே யோசித்து ஏறுகிற உயரத்தில். பகலில் வெயில் தோலை உரிக்கும், பொழுது சாய்ந்தால் பல் கிட்டும். திராட்சையும் அதற்கேற்பத் தடித்தோலாகக் கறுத்துப் பழுக்கும். மை மாதிரி சிவப்பு ஒயின். ரசாயனம் ஒரு சொட்டுக் கிடையாது. களைக்கு ஆடு, எறும்புக்குச் சாம்பல். பாட்டிலில் அதற்கு அத்தாட்சியாகப் பச்சை இலை முத்திரை. அதைப் பார்த்துத்தான் தலைநகரத்து உணவகங்கள் வாங்கின.

எவாரிஸ்தோ பக்கத்து நிலத்தில் மிளகாய் போடுபவர். நோயெலியாவுக்கு ஞானத்தகப்பன்.

நவம்பரில் லாசரோவுக்கு நெஞ்சு அடைத்தது. சால்தா நகரத்தில் அறுவை சிகிச்சை. தாயும் மகளும் கூடவே ஓடினார்கள். போகிற அவசரத்தில் தெல்ஃபினா கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, நம்ம முறை வந்தா வாய்க்காலைத் தொறந்து விட்டுருங்க."

திறந்துவிட்டார். தண்ணீர் குடித்த களை முழங்காலுக்கு வந்தது. எறும்புகள் இலையை வெட்டி ஊர்வலம் போயின. புருஷனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள் திரும்பி வந்து இதையும் பார்க்க வேண்டுமா? மிளகாய் நிலத்துக்கு வைத்திருந்த களை மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு எல்லா வரிசைக்கும் அடித்து முடித்தார். லாசரோவுக்கு மருந்து நெடி ஆகாது, அதனால்தான் இவர்கள் அடிப்பதில்லை என்று அவர் நினைத்திருந்தார். அவன் ஊரில் இல்லாததும் வசதியாகப் போயிற்று.

(இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அவரை உக்கார வெச்சு யாரு சொன்னோம்?" என்றாள் தெல்ஃபினா.)

3

அவள் திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எப்படி? முடி வெட்டி விட்ட மாதிரி இல்ல?"

கொடிக்கு அடியில் களையெல்லாம் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது.

"ஒத்தை ஆளா, தங்கச்சி! கொடி மேல ஒரு சொட்டு படல. லாசரோ வந்து பாக்கட்டும், வாயடைச்சுப் போவான்."

என் முதல் பிரதியில் தெல்ஃபினா பையை வீசிவிட்டு ஒரு பக்கம் முழுக்கக் கத்தினாள். நன்றாகவே கத்தினாள். படித்துக் காட்டியபோது நிஜ தெல்ஃபினா சிரித்தாள்.

"எனக்குக் கத்தத் தோணலையே. டேங்க் வாரு அவர் தோளை அறுத்திருந்துச்சு, விரலெல்லாம் கொப்புளம். அதைப் பாத்துக்கிட்டு என்னத்தக் கத்துறது?"

அவள் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா இருக்குண்ணே. உள்ள வாங்க, சாப்பிடலாம்."

4

நோயெலியா சும்மா இருக்கவில்லை. "உழுது மூடிடலாம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா முத்திரை போகாது."

"குடிக்கிறவங்க நம்மளை நம்பித்தானேடி குடிக்கிறாங்க."

முத்திரை கொடுக்கிற இடத்திலிருந்து சோதிக்க வந்தவரைத் தெல்ஃபினாவே வரிசைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். யார் அடித்தது என்று அவர் கேட்டார். "நான்தான்" என்றாள். முத்திரை மூன்று வருஷத்துக்குப் போயிற்று. வாங்குகிறவர்களில் பாதிப் பேரும் போனார்கள். லாசரோவிடம் சொல்லவில்லை. அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

(இங்கே எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம். அண்ணனைக் காட்டிக்கொடுக்காதது பெருந்தன்மையா, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயமா? கேட்டுவிட்டேன். "ரெண்டும்தான்" என்றாள்.)

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன்.

ஒன்று: அவருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. அழகாக இருந்தது. தெல்ஃபினா கேட்டாள், "அடுத்த நவம்பர்ல மறுபடி டேங்கை மாட்டிக்கிட்டு வருவாரே, அப்ப?"

மற்றது: அவள் சொல்லிவிடுகிறாள், அவர் அழுகிறார், கட்டிக்கொள்கிறார்கள். "அவரு அழ மாட்டாரு. அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டாரு. அவ்வளவுதான்" என்றாள்.

கதையைத் தூக்கிப் போட்டேன். ஆனால் கதை என்னைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது?

6

மார்ச்சில் அறுவடை. வருஷா வருஷம் போலவே எவாரிஸ்தோ குலை வெட்டுகிற கத்தரிக்கோலோடு வந்துவிட்டார். லாசரோ கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து, பழம் தின்றுகொண்டு எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் எவாரிஸ்தோ பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பச்சை இலைப் படத்தைக் காணோம்? அச்சடிக்கிறவன் மறந்துட்டானா?"

நோயெலியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரொட்டியைப் பார்த்தாள்.

"எவாரிஸ்தோ, இங்க வந்து உக்காரு" என்றான் லாசரோ. "நான் சொல்றேன்."

அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வீடு வந்து முதல்முறை வரிசையில் நடந்தபோதே மண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறான்.

"நீங்க பேசாம இருங்க. உடம்புக்கு ஆகாது" என்றாள் தெல்ஃபினா.

"நெஞ்சைத் தொறந்தே பாத்துட்டாங்க. இதுக்கா நின்னுடப் போகுது?"

நாங்கள் எழுந்து வேலைக்குப் போய்விட்டோம். தூரத்திலிருந்து தெரிந்தது இவ்வளவுதான்: லாசரோ மெதுவாகப் பேசினான். நடுவில் ஒருமுறை அவர் முழங்காலில் கை வைத்தான். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். தன் கைகளைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து, எங்கள் வரிசை வழியாகவே நடந்து வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வரிசை முடிகிற இடத்தில் இடது பக்கம் திரும்பினால் வெளிவாசல். வலது பக்கம் திரும்பினால், இன்னும் கை வைக்காத அடுத்த வரிசை. பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே நடைதான்.

தெல்ஃபினா அவரைக் கூப்பிடவில்லை. கொடிகளுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் புகுந்தாள். அவர் போய்ச் சேருவதற்குள் ஓடி, ஒரு காலிக் கூடையை அடுத்த வரிசையின் தலைப்பில் வைத்தாள். வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. அந்த மனிதரை இவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்தாயிற்று; வரிசையில் இன்னும் சில அடிதான் மிச்சம். அதை நீங்கள் அவரோடு நடந்து பாருங்கள்.