கீழ்த் துளையில் பெல்ட்

அளவு பார்க்காமல் எதையாவது வாங்கினால் ஆரோக்கியசெல்விக்குத் தூக்கம் வராது. புரோத்ராபூரில் பாதிப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் அவளுடைய தையல் மிஷினில் பிறந்ததுதான். அப்படிப்பட்டவளிடம் போய், மூன்று வயது ஜோஸ்லினுக்குக் கார் சீட் எதற்கு, பஜாரில் விற்கிற பூஸ்டர் போதாதா என்று கேட்டான் அவள் புருஷன் டெர்வின். படகு என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற கெட்டிக்காரன், பெற்ற மகளின் தோள் உயரம் தெரியாதவன்.

"பூஸ்டர் பிள்ளைய உசத்தி மட்டுந்தான் வைக்கும். பெரியாளு பெல்ட்டு இவ கழுத்துல போய் நிக்கும். தோளு, இடுப்பு, கால் நடுவுலன்னு அஞ்சு இடத்துல பிடிக்கிற சீட்டுதான் வேணும்."

"டீக் ஹை டீக் ஹை, வாங்கிருவோம்" என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை, தீவின் வடக்கே மாயாபந்தரில் அவன் தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம். புதிதாக வாங்கிய பழைய காரில், சனிக்கிழமை முழுக்கக் காட்டு ரோட்டில் போக வேண்டிய பயணம்.

ஆன்லைனில் பார்த்த நல்ல சீட்டெல்லாம் இந்தப் பின்கோடுக்கு வராது என்றது. மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வரவழைத்தால் ஒரு மாதம். ஆகவே தீவில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். யாருக்கு டிரான்ஸ்ஃபர் என்று வாட்ஸ்அப் குழுவில் தேடினாள். ஊருக்குத் திரும்புகிற அதிகாரி வீட்டுக்காரர்கள் ஃபிரிட்ஜ் முதல் பூந்தொட்டி வரை விற்றுவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் ஒரு கார் சீட் இருந்தது.

வீட்டுக்காரம்மா விஜயலட்சுமி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அதை எடுத்துக் கொடுத்தாள். செல்வி கவிழ்த்துப் பார்த்தாள், அடியில் அச்சடித்த காலாவதித் தேதியைப் பார்த்தாள், பக்கிளைப் போட்டுப் போட்டு எடுத்தாள்.

"ஆக்சிடென்ட்ல எதும் மாட்டலியேம்மா?"

"இல்லைங்க. பையன் வளந்துட்டான், அவ்வளவுதான்."

தோள் பெல்ட் மூன்று துளைகளில் உச்சித் துளையில் கோத்திருந்தது. வளர்ந்த பிள்ளைதான் என்று செல்வி நம்பினாள். வீட்டில் சின்னச் செருப்பு ஒன்றுகூட இல்லாததைக் கவனித்தாள். பள்ளிக்கூடம் போயிருப்பான் என்று தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பெல்ட்டை ஜோஸ்லினின் தோளுக்குத் தக்க நடுத் துளைக்கு மாற்றினாள். இழுத்தால் மாறுகிற சமாச்சாரமில்லை அது. சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கத்துக் கொக்கியிலிருந்து பெல்ட்டை உருவி, மறுபடி கோக்க அரை மணி நேரம் ஆனது. பிறகு காரில் அசையாமல் இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் காலையில் பெல்ட் கீழ்த் துளையில் இருந்தது. சீட் காரில் கட்டினபடியே இருந்தது. பக்கிள் பூட்டியிருந்தது.

"நீங்க மாத்துனீயளா?"

"எனக்கென்ன வேற வேலையில்லியா? நீயே மாத்திட்டு மறந்திருப்ப" என்று சிரித்தான் டெர்வின்.

அவள் மறுபடி கோத்தாள். அடுத்த காலையும் கீழ்த் துளை. மூன்றாவதாகக் கோத்துவிட்டுக் கார் சாவியை மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் அவளே கார் கதவைத் திறந்தாள். ஒரு வயசுப் பிள்ளையை உட்கார வைத்ததுபோல் பெல்ட் கீழே இருந்தது. டெர்வின் இந்த முறை சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தீர்த்தப் பாட்டிலை எடுத்துவந்து சீட்டைச் சுற்றித் தெளித்தான்.

செல்வி தள்ளி நின்றாள். ஆனாலும் தையல்காரியின் கண் சும்மா இருக்குமா? ஒரு பாவாடையின் மடிப்பைப் பிரித்தால், பிள்ளை எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தாள் என்று சொல்லிவிடுவாள். பூட்டிய பெல்ட்டை அப்படியே விட்டு, சீட்டின் முதுகுத் துணியை விலக்கிப் பார்த்தாள்.

உச்சித் துளையின் விளிம்பு கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. கீழ்த் துளையின் விளிம்புதான் தேய்ந்து வழவழத்திருந்தது. பெல்ட்டில் பழைய மடிப்பும் ஒன்றே ஒன்று, அதே இடத்தில். அதை ஒட்டி பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கீறல் ஓடியது. பெல்ட்டின் உள்தையல் நாலு இழை அறுந்திருந்தது.

இந்தச் சீட்டில் உட்கார்ந்த பிள்ளை வளரவே இல்லை.

உடனே போன் போட்டாள். விஜயலட்சுமி இதற்குள் விமானத்தில் சென்னை போய்ச் சேர்ந்திருந்தாள்.

"உங்க பையனுக்கு என்னம்மா ஆச்சு?"

"நான்தான் பெல்ட்ட மேல மாத்தி வச்சேன்" என்றாள் விஜயலட்சுமி. "வளந்துட்டான்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு. குப்பைல போட மனசு வரலைங்க."

"நாளைக்கு எம்பிள்ளைய அதுல உக்கார வச்சிருப்பேனே! அடிபட்ட சீட்டு இன்னொரு அடி தாங்குமா? நீங்களும் ஒரு தாய்தானே?" செல்விக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

"தப்புதான், மன்னிச்சிருங்க." பிறகு அவள் குரல் இறங்கியது. "இப்ப அது எந்தத் துளைல இருக்கு?"

செல்வி சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள். சொல்லிவிட்டாள். "கீழ. நான் மாத்துனாலும் காலைல கீழதான் இருக்கு."

"டைட்டா இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா? ஆக்சிடென்ட் அன்னைக்கு ஒரே புழுக்கம். அழுதான். நான்தான் லூசா விட்டேன்."

செல்வி பெல்ட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பார்த்தாள். "விரல்கூட நுழையலம்மா."

"சரிங்க" என்றாள் விஜயலட்சுமி. போன் அணைந்தது.

மாயாபந்தருக்குப் போகிற மறுநாள் கப்பலில் டிக்கெட் கேட்டு டெர்வின் ஜெட்டிக்காரனுக்குப் போன் செய்தான். புதுச் சீட் கப்பலில் வந்து சேரட்டும், அதுவரை கார் வாசலில் நிற்கட்டும் என்று முடிவாயிற்று. இந்தச் சீட் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று செல்வி கத்தரியை எடுத்துவந்தாள். காகிதத்தில்கூட வைக்க விடாத அவளுடைய துணிக் கத்தரி. பெல்ட்டில் வைத்து அழுத்தப் பார்த்தாள், கை ஓடவில்லை. பூட்டிய பெல்ட்டை எப்படி வெட்டுவது?

கத்தரியைக் கீழே வைத்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் விலக்கினாள். தூங்குகிற ஜோஸ்லினைத் தூக்குவதுபோல் இரு கையையும் உள்ளே விட்டு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கை கனத்தது. ஆடாமல் வாசற்படி ஏறினாள்.

படியில் உட்கார்ந்திருந்த ஜோஸ்லின் எழுந்து நகர்ந்து வழிவிட்டாள். டெர்வின் கத்தரியை எடுத்துப் பெல்ட்டை நறுக்கென்று வெட்டினான். அந்தச் சத்தத்துக்கு ஜோஸ்லின் திரும்பி, அப்பாவைப் பார்த்து உதட்டின் மேல் விரல் வைத்தாள்.