ஒருக்களித்த கதவு

குளிர்க் கிடங்கில் எல்லாரும் அவரைத் தூணு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அப்படி. இரண்டு பேர் முக்கி முனகித் தூக்கும் ஆப்பிள் பெட்டியை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் யாரையாவது கிண்டலடித்துவிட்டும் போவார். அந்தத் தூணைத்தான் போன மழைக்காலத்தில் குளிரறைக் கதவு உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது.

உள்ளிருந்து தள்ளித் திறக்கும் பிடி உறைந்து இறுகிவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கத்தினார், கதவை உதைத்தார், கடைசியில் கத்தவும் தெம்பில்லாமல் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டுவிட்டார். பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் வந்து திறந்தபோது தூணு அழுதுகொண்டிருந்தார். கால்சட்டை நனைந்திருந்தது.

"என்ன அண்ணே, ஐஸாகி உருகிட்டீங்களா?" என்றான் ஓட்டுநர். எல்லாரும் சிரித்தார்கள். ஆள் உயிரோடு கிடைத்துவிட்டாரே என்ற நிம்மதிச் சிரிப்புதான். தூணும் சேர்ந்து சிரித்தார். அங்கேதான் வாய் அடைத்துப்போனது. அன்றைக்குச் சிரித்தவர், பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்று சொல்வார்?

பயம் வீட்டுக்கும் கூடவே வந்தது. குளியலறைக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும். வாசலில் ஒரு வாளியை வைத்து, கதவை ஒருக்களித்துவிட்டுக் குளிக்க ஆரம்பித்தார்.

"சின்னப் புள்ளையா நீங்க? வெக்கமா இல்ல?" என்றாள் மனைவி.

"புழுக்கமா இருக்கு." குளிர்காலத்திலும் அதையே சொன்னார். அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒருமுறை டாக்டரம்மாவிடம் போனார். "கதவச் சாத்திட்டு உக்காருங்க" என்றார் அவர். தூணு கதவைப் பார்த்தார். சாத்தினால் பேச்சு வராது. சாத்தாவிட்டால் வெளியே பெஞ்சில் இருக்கிறவர்கள் காதில் விழும்.

"இருக்கட்டும்மா, காத்து வரட்டும்."

"என்ன பண்ணுது?"

"முட்டி வலி."

டாக்டரம்மா ஒரு குறையும் இல்லாத முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துக் களிம்பு எழுதிக் கொடுத்தார். மனைவி சாயங்காலமானால் தரையில் உட்கார்ந்து அதைத் தேய்த்துவிடுவாள். "இப்ப பரவால்லயா?" என்பாள். "தேவலாம்" என்பார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மகனும் புது மருமகளும் வந்து தங்கியபோதுதான் விஷயம் முற்றியது. துண்டு எடுக்க வந்த மருமகள் கதவிடுக்கில் மாமனாரின் முதுகைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, மன்னிச்சிருங்க மாமா" என்று ஓடினாள். அன்று மாலையே மகன் வேலை, அவசரம் என்று ஏதோ சொல்லிக் கிளம்பிவிட்டான். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டே விடைபெற்றாள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் மனைவி கேட்டாள். "அந்தப் பொண்ணு உங்கள என்னன்னு நெனச்சிருக்கும்? நான்தான் என்னன்னு நெனைக்கிறது?"

வேண்டுமென்றே கதவைத் திறந்துவைக்கிறவன் என்றும் தன்னை நினைக்க இடமிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். கோர்வையாக வரவில்லை. குளிரறை என்றார், கதவு என்றார். நனைந்ததைச் சொல்லும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மனைவியின் பார்வை அவர் காலுக்குப் போனது. பிறகு, "அப்ப முட்டி?" என்றாள்.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல."

"இத்தன நாளா நானும் தேச்சேனே." சிரிக்கவா அழவா என்று தெரியாமல் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளே டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். பெஞ்சில், கையில் கட்டோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான். தூணுக்குக் கால் பின்வாங்கியது. "இன்னொரு நாள் வரலாம்" என்று முனகினார். மனைவி அவர் முழங்கையை விடவில்லை.

உள்ளே கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கேக்கலையே, கொஞ்சம் சத்தமா" என்றார் டாக்டரம்மா.

"அன்னிக்கு உள்ளயே... எனக்கு ஒண்ணுக்குப் போயிருச்சும்மா."

வெளியே பேச்சுச் சத்தம் நின்றுபோனது. காது மடல் எரிந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இதற்கும் வைத்தியம் இருக்கிறது, பேசியே இந்தப் பயத்தைத் தீர்க்கிற ஒருவர் வாரம் ஒருமுறை மாடியறைக்கு வருகிறார் என்றார்.

"அங்க கதவு சாத்தணுமா?"

"வேணாம்னா வேணாம்."

வெளியே வந்தபோது பெஞ்சில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் மட்டும் எழுந்தான். "அண்ணே, அன்னிக்கு நான்..."

"விடுப்பா" என்றார் தூணு. அவன்மேல் கோபமில்லை. அவன் தன் எதிரே நிற்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

தெருவில் வேகமாக நடந்தவரை மனைவி எட்டிப்பிடித்தாள். "மாடிக்குப் போறப்ப நானும் வரட்டுமா?"

"வா. ஆனா படிக்கட்டுலயே உக்காந்துக்க. யாரும் மேல வராமப் பாத்துக்க."

போனார். முதல் நாள் பாதிப் பேச்சிலேயே எழுந்து, அவளைத் தாண்டி இறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம், யாரும் கூப்பிடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.