வடக்குச் சுவரில் ஒரு வாசல்

பூச்சாடி வைக்க இடம் போதாமல், பாட்டுப் புத்தக அலமாரியை ரோசலிண்ட் தோளால் நெட்டித் தள்ளினாள். நினைத்ததைவிடச் சுலபமாக நகர்ந்தது. உள்ளே ஒரு புத்தகம்கூட இல்லை. அலமாரிக்குப் பின்னால், வடக்குச் சுவரின் வெள்ளைப் பூச்சில், சிவப்பு சாக்பீஸால் யாரோ ஒரு வாசலை வரைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நேர்க்கோடு, மேலே அரைவட்டம். நெஞ்சு உயரத்தில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

கையுறையைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். விரலில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்னும் சற்று நேரத்தில் அவள் கணவர் வில்ஃபின் பெட்டி இந்த ஆலயத்துக்குள் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு முன்பு தூக்கத்திலேயே போய்விட்டார்.

பிழைப்புக்கு டிராக்டர் உதிரி பாகங்கள் விற்றவர்தான். ஆனால் ஹாசல்பி என்ற அந்த ஊருக்கு வெளியேயும் அவரைப் பத்து பேர் தெரிந்துவைத்திருந்தார்கள் என்றால் அது இந்த ஆலயத்தால். சனிக்கிழமைகளில் பார்க்க வருகிறவர்களை அவர்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போவார். பச்சை ஓடிய மணற்கல் தூணின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இது எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி நார்மன்காரன் நட்டது. உருண்டையா இருக்கா? எதிர் வரிசையைப் பாருங்க, எட்டுப் பட்டை. நூத்தம்பது வருஷம் கழிச்சு வந்தவன் வேலை. முன்னாடி இருந்தவனோட தூண் இவனுக்குப் பிடிக்கல" என்பார். கோபுரத்தின் மேல்பாதி ஒரு புயலில் சரிந்து, காசில்லாமல் செங்கல்லால் ஒட்டுப்போட்ட கதையைச் சொல்வார். விக்டோரியா காலத்து ஆயர் ஒருவர் பழைய ஓக் பெஞ்சுகளை அடுப்புக்குக் கொடுத்துவிட்டுத் தரையை உயர்த்தியதைச் சொல்லும்போது, அந்த மனிதர் பக்கத்துத் தெருவில் இன்னும் குடியிருப்பதுபோலக் கோபப்படுவார்.

கடைசியில் எல்லாரையும் வெளியே அழைத்துப்போய் வடக்குச் சுவரின் முன் நிறுத்துவார். அங்கே அடைக்கப்பட்ட ஒரு வாசலின் வளைவு தெரியும். கொள்ளைநோய் வந்த வருஷம் ஊரில் மிஞ்சியவர்கள் தங்கள் கையாலேயே அடைத்த வாசல், அன்றிலிருந்து அந்தக் கல்லை ஒருவரும் தொட்டதில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும். தொப்பியைக் கழற்றியவர்கள் உண்டு.

அந்த வாசலைத் திறந்து, வெளிப்புறம் ஒரு கழிப்பறையும் தேநீர் போடச் சின்னதாக ஓர் அறையும் கட்ட வேண்டும் என்று சபையில் பேச்சு எழுந்தபோது, வில்ஃப் குறுக்கே நின்றார். பேராயம் வரைக்கும் போய் எதிர்த்தார். ஒன்பது வருஷமாகக் கட்டடம் வரவில்லை.

"ஐயோ, அதை நகர்த்திட்டீங்களா?"

ஆயர் ஜூடித் கை நிறைய ஆராதனைத் தாள்களோடு நின்றுகொண்டிருந்தாள். ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆன, எப்போதும் சளி பிடித்திருக்கும் பெண்.

"இது என்ன ஜூடித்?"

"இன்னைக்கு உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் மறைச்சு வச்சேன்."

"மனுஷனை இன்னும் புதைக்கல. அதுக்குள்ள கோடு போட்டாச்சா? கொஞ்சமாவது ஈரம் இருக்கா உங்களுக்கெல்லாம்?"

ஜூடித் தாள்களைப் பக்கத்துப் பெஞ்சில் வைத்தாள். "கோடு போட்டது நான் இல்ல. வில்ஃப்."

ரோசலிண்டுக்கு அது சரியாகக் காதில் விழாததுபோல இருந்தது.

"வசந்த காலத்துல ஒரு நாள் வந்தார். எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கறேன்னு பேராயத்துக்குச் சொல்லிட்டேன்னார். சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். ‘இங்க குடைஞ்சு பாருங்க, மஞ்சள் செங்கல்தான் வரும். ரயில் வந்த காலத்துல சூளையில சுட்டது. வெளிப்பக்கம் மட்டும் பழைய கல்லை ஒட்டி வச்சிருக்கான்’னார். குடைஞ்சோம். அவர் சொன்ன மாதிரியே இருந்தது."

"அது அவருக்கு எப்பத் தெரியும்?"

"ரொம்ப நாளாவே தெரியும்னார். ஈரத்துல பூச்சு உதிர்ந்தப்போ அவரேதான் பூசினாராமே. உங்களுக்குக் கல்யாணமான புதுசுல."

ரோசலிண்டுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. குடுவையில் தேநீர் எடுத்து வந்தாள். உள்ளே வராதே, ஒரே தூசி என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார். மீசையெல்லாம் சுண்ணாம்பு. அழகாக இருந்தார்.

"உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரே," என்றாள் ஜூடித்.

"வேற யார் யாருக்குத் தெரியும்?"

"சபைக் குழுவுக்கு."

சபைக் குழு என்றால் ஊர்.

"க்வெண்டாவுக்கு?"

ஜூடித் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதை நீங்க அவங்களைத்தான் கேக்கணும்."

க்வெண்டா ரோசலிண்டின் அக்கா. கழிப்பறை வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவள் அவள்தான். அவள் கணவன் நெவிலுக்கு நீர் நிற்காத தொந்தரவு. அப்போது அவர்கள் ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் இருந்தார்கள். ஆராதனையின் நடுவில் நெவில் எழுந்து கல்லறைத் தோட்டத்து யூ மரங்களுக்குப் பின்னால் போய்வருவான். பையன்கள் கெக்கலி கொட்டுவார்கள். சபைக் கூட்டத்துக்கு முதல் நாள் சாப்பிடும்போது வில்ஃப்தான் ரோசலிண்டுக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். "நான் சொன்னா சண்டைன்னு எடுத்துப்பாங்க. நீ சொன்னா சிரிச்சிடுவாங்க, விஷயம் முடிஞ்சிரும்." மறுநாள் ரோசலிண்ட் எழுந்து, "எண்ணூறு வருஷமா இந்த ஊர் சனம் அடக்கிக்கிட்டுதானே ஜெபம் பண்ணியிருக்கு, இப்ப மட்டும் என்ன அவசரம்?" என்றாள். கூட்டமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் நெவில் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்துபோனான். பின்னாலேயே க்வெண்டாவும் போனாள். அதோடு அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றது. நெவில் செத்து மூன்று வருஷமாகிறது. பண்ணையை விற்றுவிட்டு ஆலயத்தின் வெளிக்கதவுக்கு நேர் எதிரே ஒரு சின்ன வீட்டில் க்வெண்டா இருக்கிறாள். அந்த வீட்டு வாசலை ரோசலிண்ட் ஒருநாளும் மிதித்ததில்லை.

இப்போது போய்க் கதவைத் தட்டினாள்.

கறுப்புப் பாவாடையும் மேலே வீட்டு ஸ்வெட்டருமாக க்வெண்டா கதவைத் திறந்தாள். ஒரு காதில் மட்டும் தோடு இருந்தது. வா என்று சொல்லவில்லை.

"வில்ஃப் இங்க வந்துட்டிருந்தாரா?"

"உள்ள வந்து கேளு. வாசல்ல நின்னு கேக்காத. ஊரே இப்ப இந்த வழியாத்தான் வரும்."

ரோசலிண்ட் கூடத்தில் நின்றாள். அம்மாவின் குடை ஸ்டாண்ட் அங்கே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வருவார்," என்றாள் க்வெண்டா. "ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சதும். நான்தான் நெவில் போனதுலேர்ந்து சர்ச்சுக்குப் போறதில்லையே. கதவைத் தாழ் போடாம வச்சிருப்பேன். வருவார், போவார், பிரசங்கம் முடியறதுக்குள்ள திரும்பிடுவார். ஒன்றரை வருஷமா. நெவிலுக்கு இருந்த அதே தொந்தரவு."

"எங்கிட்ட சர்ச் பாய்லர் சூடாகுதான்னு பார்க்கப் போறேன்னு சொல்லுவார்."

"தெரியும். ‘பாய்லர் பார்க்க வந்துட்டேன்’னு சொல்லிக்கிட்டேதான் நுழைவார்."

அதைச் சொன்ன பிறகுதான் க்வெண்டாவுக்கு உறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிப்பீங்களா ரெண்டு பேரும்?"

"ரோஸ்."

"கேக்கறேன். சிரிப்பீங்களா?"

"சில நாள்."

வெளியே ஒரு கார் வந்து நின்றது. கதவைச் சாத்தும் சத்தம், தணிந்த குரல்கள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா க்வென் உனக்கு? ஒரு நாளைக்கு நாலு வாட்டி இந்த வீட்டைத் தாண்டிப் போறேன்."

"எப்படிச் சொல்றது? நீ என் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு இருந்த."

"யார் சொன்னா?"

"வேற யாரு, அவர்தான்." க்வெண்டா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நெவிலை அடக்கம் பண்றதுக்கு முந்தின நாள் பண்ணைக்கு வந்தார். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். ‘நானா இருந்தா எப்பவோ விட்டிருப்பேன் க்வெண்டா. ரோஸ்தான் பிடிச்ச பிடியில நிக்கறா. உன் பேரை எடுத்தாலே தட்டைத் தூக்கி எறியறா. நாளைக்கு வரமாட்டா, மனசுல வச்சுக்காத’ன்னார். அழுதார்கூட. நான்தான் தண்ணி கொடுத்தேன்."

ரோசலிண்ட் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த கறுப்பு உடுப்பு தெரிந்தது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் பழைய மோஸ்தர்.

"இது நெவிலுக்குன்னு வாங்கினது," என்றாள். "அன்னைக்கு ராத்திரியே தேச்சுக் கதவுல மாட்டி வச்சேன். காலையில எழுந்து போட்டுக்கிட்டேன். ‘போகாத, க்வெண்டா எல்லார் முன்னாலயும் உன்னை வெளிய அனுப்பிடுவேன்னு எங்கிட்டயே சொன்னா’ன்னார். கழட்டி உள்ள வச்சுட்டேன். இன்னைக்குத்தான் எடுத்தேன்."

க்வெண்டா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அப்படிச் சொல்லலடி."

"அதான் இப்பத் தெரியுதே."

"அவருக்கு எங்கிட்டயும் நல்லவரா இருக்கணும், உங்கிட்டயும் நல்லவரா இருக்கணும்."

"இருந்துட்டார்," என்றாள் ரோசலிண்ட்.

ஆலய மணி ஒற்றையாக அடிக்கத் தொடங்கியது. ஜன்னல் வழியே கறுப்பு வண்டி மெல்லத் திரும்புவது தெரிந்தது. க்வெண்டா எழுந்து ஸ்வெட்டரின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டாள். இன்னொரு தோட்டைத் தேடவில்லை. காதில் இருந்ததையும் கழற்றி மேஜையில் வைத்தாள்.

தெற்கு முகப்பு மண்டபத்தில் ஜூடித் அங்கி மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். ரோசலிண்டைத் தனியே இழுத்து, "நீங்க அவரைப் பத்தி எழுதிக் கொடுத்ததுல அந்தச் சுவரைப் பத்தி ஒரு வரி இருக்கு. எடுத்துடவா? எடுத்தது யாருக்கும் தெரியாது," என்றாள்.

"வேண்டாம். எழுதின மாதிரியே படிங்க."

"நிச்சயமாவா?"

"படிங்க ஜூடித்."

பெட்டி உள்ளே வந்தது. ரோசலிண்ட் அதன் பின்னால் நடந்து முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆலயம் நிறைந்திருந்தது. அலமாரியை யாரோ அவசரமாகப் பழைய இடத்துக்கே தள்ளியிருந்தார்கள். ஆனால் சரியாக மறைக்கவில்லை. சிவப்புக் கோட்டின் வளைவு ஒரு பக்கம் வெளியே தெரிந்தது.

வில்ஃபின் பிறப்பு, டிராக்டர் கடை, சனிக்கிழமைப் பார்வையாளர்கள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வந்த ஜூடித் ஓரிடத்தில் குரலைச் செருமிக்கொண்டாள். "தம் முன்னோர் கையால் அடைத்த வடக்கு வாசலில் ஒரு கல்லும் அசையாதபடி, கடைசி மூச்சுவரை வில்ஃப் அதைக் காத்து நின்றார்."

யாரும் இருமக்கூட இல்லை. ரோசலிண்ட் திரும்பிப் பார்த்தாள். துக்க வீட்டுக்காரி அப்படித் திரும்பிப் பார்ப்பது வழக்கமில்லை. சபைக் குழுவின் பொருளாளர் பாட்டுத் தாளைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். மணியடிக்கிறவரின் மனைவி கைப்பையைத் திறந்து எதையோ துழாவினாள். ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். கேக் செய்து கொடுத்திருக்கிறாள், அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குப் பூ வைத்திருக்கிறாள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். க்வெண்டா.

பாட்டு ஆரம்பித்தது. ரோசலிண்ட் எழுந்து நின்றாள். பாடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் காற்று பலமாக இருந்தது. ஜூடித்தின் அங்கி படபடத்ததில் பாதி வசனம் கேட்கவில்லை. பெட்டியை இறக்கிய பிறகு, அடக்கச் சேவைக்காரர் மண் நிறைந்த சின்ன மரப்பெட்டியை ரோசலிண்டின் முன் நீட்டினார். அவள் ஒரு பிடி எடுத்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் போடட்டும், பிறகு தாங்கள் போடலாம் என்று அவரவர் கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருந்தது. பிடியைத் திறக்காமலே திரும்பி நடந்தாள்.

"ரோசலிண்ட்?" என்றார் பொருளாளர். "எல்லாருக்கும் பப்புல சாண்ட்விச் சொல்லியிருக்கு..."

"சாப்பிடுங்க."

அவள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வெளிக்கதவைத் தாண்டி இரண்டு பேரும் தெருவைக் கடந்தார்கள். க்வெண்டா முன்னால் போய் வீட்டுக் கதவைத் தள்ளினாள். அது தாழ் போடாமல்தான் இருந்தது.

"கையைக் கழுவிக்கிட்டு வா. டீ போடறேன். படிக்குப் பின்னால ரெண்டாவது கதவு."

சின்ன அறை. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ரோசலிண்ட் குழாயைத் திறந்து, முஷ்டியை அதன் அடியில் பிடித்து, விரல்களை மெல்ல விரித்தாள். மண் சட்டென்று போகவில்லை. ரேகைகளிலும் மோதிரத்தின் அடியிலும் அப்பியிருந்தது. பழுப்பாக ஓடிய தண்ணீர் தெளியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தெளிந்த பிறகும் குழாயை மூடவில்லை.

"ரோஸ்," சமையலறையிலிருந்து க்வெண்டாவின் குரல் வந்தது. "வலது பக்கம் இருக்கற துண்டை எடுத்துக்கோ. இடது பக்கத்துது வில்ஃ..."

கெட்டிலின் சத்தம் மட்டும் கேட்டது.

ரோசலிண்ட் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இடது கொக்கியில் நீலத் துண்டு ஒன்று நாலாக மடித்து மாட்டியிருந்தது. குழாயை மூடினாள். இரண்டு துண்டையும் தொடாமல், ஈரக் கையைக் கறுப்பு உடுப்பின் முன்பக்கத்தில் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போனாள்.